மூலை 90 டிகிரி இல்லாத வீட்டில் கார்னிஸ் ஏன் வாயைப் பிளக்கிறது?

வீடு கட்டி, பட்டி பார்த்து, ஒரு கோட்டிங் பெயின்ட்டும் அடித்தாயிற்று. கடைசியாகச் சீலிங் ஓரத்தில் கார்னிஸ் ஓட்டுகிறார்கள். நேர்ச்சுவரில் போகிறவரை அழகாகத்தான் இருக்கிறது. மூலைக்கு வந்ததும் இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கின்றன. இடைவெளியில் ஒயிட் சிமென்ட்டை அப்பி, மேலே பெயின்ட் அடித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். முதல் கோடை முடிவதற்குள் அந்த இடம் மட்டும் கோடு விட்டு விரிகிறது.

அடுத்து என்ன நடக்கும் என்று வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் வேலை செய்தவருக்குப் போன் போடுவார். வந்து சரிசெய்தால்தான் பாக்கிப் பணம் என்பார். அவரும் வந்து மறுபடி அதே இடத்தில் அப்பிவிட்டுப் போவார். அடுத்த கோடையில் மறுபடியும் விரியும்.

இதில் வேலைக்காரர் மேல் தப்பு இருக்கலாம். ஆனால் பல நேரம் அவர் 45 டிகிரியில் சரியாகத்தான் வெட்டியிருப்பார். சுவர்தான் 90 டிகிரியில் நின்றிருக்காது. சீலிங் சாய்வாக இருந்தால் கதை இன்னும் சிக்கல். தருமபுரி மாவட்டத்தில் இந்த இரண்டு வகை அறைகளுக்கும் பஞ்சமே இல்லை என்பதால், விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மூலை எப்படிக் கோணிப்போகிறது?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் பழைய ஊர்த்தெருக்களில் நடந்து பாருங்கள். தெரு நேராக ஓடாது. வண்டிப்பாதையாக இருந்தது தெருவாகியிருக்கும். நத்தம் மனைகள் அந்த வளைவை ஒட்டியே பிரிந்திருக்கும். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்ற மனையைக் கோமுகம் என்று சொல்லி வாஸ்துக்காரர்கள் நல்லது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அங்குல இடம்கூட வீணாகக் கூடாது என்று மனையின் எல்லையை ஒட்டியே சுவர் எழுப்பினால், முன் அறையின் ஒரு மூலை 94 டிகிரியாகவும் இன்னொன்று 86 டிகிரியாகவும் வந்து நிற்கும். கட்டில் போடும்போது அது கண்ணுக்குத் தெரியாது. டைல்ஸ் போடும்போது ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வரும்; அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கார்னிஸை எங்கேயும் தள்ள முடியாது.

மனை சதுரமாக இருந்தாலும் தப்ப முடிவதில்லை. பூச்சு வேலையில் மட்டக்கட்டை மூலைவரை போகாது. அதனால் கடைசி அரை அடியில் கலவை சற்றுத் தடித்து உருண்டு நிற்கும். பழைய கருங்கல் சுவரை வைத்துக்கொண்டு அதை ஒட்டிப் புதுச் செங்கல் சுவர் எழுப்பினால், பழைய சுவரின் கோணல் புது அறைக்கும் வந்துவிடும். ‘பட்டி பார்த்தா சரியாயிடும்’ என்பது சைட்டில் அடிக்கடி கேட்கிற வார்த்தை. பட்டி ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் பூசுவது. அது மேடுபள்ளத்தை மறைக்கும். கோணத்தைத் திருத்தாது.

4 டிகிரிதானே, அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சுவரிலிருந்து 100 மி.மீ. முன்னால் துருத்தி நிற்கும் கார்னிஸை இரு பக்கமும் 45 டிகிரியில் வெட்டி, 94 டிகிரி மூலையில் வையுங்கள். முன் விளிம்பில் ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி நிற்கும். சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு. மூலை 86 டிகிரியாக இருந்தால் நேர் எதிர்: முன் விளிம்புகள் முதலில் முட்டிக்கொள்ளும், சுவரோரம் திறந்து கிடக்கும்.

டேப் ஒன்று போதும்

இதற்கு விலை உயர்ந்த டிஜிட்டல் கருவி எதுவும் வேண்டாம். அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் மூலைமட்டத்தை நம்பாமல் கயிறு கட்டிப் பார்ப்பாரே, அதே 3-4-5 கணக்கை இங்கேயும் போடலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியில் ஒரு புள்ளி, அடுத்த சுவரில் 4 அடியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே குறுக்களவு சரியாக 5 அடி வந்தால் மூலை 90 டிகிரி.

வராவிட்டால்? அங்கேதான் ஒரு வசதியான கணக்கு இருக்கிறது. குறுக்களவு 5 அடியைவிட 1 அங்குலம் கூடினால் மூலை 2 டிகிரி கூடியிருக்கிறது. 1 அங்குலம் குறைந்தால் 2 டிகிரி குறைந்திருக்கிறது. 5 அடி 2 அங்குலம் என்றால் 94 டிகிரி. இந்த அளவுக்குள் கணக்கு கிட்டத்தட்ட துல்லியமாகவே வரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இதைத் தரையில் அளக்கக் கூடாது. கார்னிஸ் உட்காரும் உயரத்தில், சீலிங்கை ஒட்டி அளக்க வேண்டும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் கீழே ஒரு மாதிரியும் மேலே ஒரு மாதிரியும் நிற்கிற சுவர்கள் ஏராளம். நாலு மூலையையும் அளந்து, அந்தந்த மூலைச் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அளந்த கோணத்தை அப்படியே பாதியாக்கி மெஷினில் வைக்கக் கூடாது. கட்டிங் மெஷினில் 0 என்பது நேர்வெட்டு. அதனால் 180-லிருந்து மூலையின் கோணத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 94 டிகிரி மூலைக்கு மெஷினில் 43. 86-க்கு 47. வீட்டின் முன்னால் பிதுங்கி நிற்கும் ஜன்னல் மாடத்தில் 135 டிகிரி மூலை வந்தால் 22.5. 90 டிகிரிக்கு மட்டும் எப்படிப் போட்டாலும் 45 வந்துவிடுவதால், இந்த வித்தியாசம் பலருக்குப் பழக்கத்தில் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பூ வேலைப்பாடு உள்ள கார்னிஸ் பெரும்பாலும் சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே சாய்ந்து உட்காருவது. அதை மெஷினில் மல்லாக்கப் படுக்க வைத்து 45-ல் வெட்டினால் கண்டிப்பாகச் சேராது. சுவரோடு 38 டிகிரியில் சாய்ந்து நிற்கும் வகைக்கு, 90 டிகிரி மூலையென்றாலும், படுக்க வைத்து வெட்ட மெஷின் தட்டை 31.6 டிகிரி திருப்பி, பிளேடை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். 45 டிகிரி சாய்வு வகைக்கு அதுவே 35.3, 30. இந்த எண்களை எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கார்னிஸைத் தலைகீழாகப் பிடித்து, சீலிங்கில் ஒட்டும் விளிம்பை மெஷின் தட்டிலும், சுவரில் ஒட்டும் விளிம்பைப் பின் தடுப்பிலும் சாய்த்து வைத்தால் ஒரே ஒரு கோணம் போதும். மெஷின் தட்டுதான் சீலிங், தடுப்புதான் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான துண்டை வீணாக்கும் முன், கழிவுத் துண்டில் அரை அடி அரை அடியாக இரண்டு வெட்டி மூலையில் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மரத்திலும் பாலியூரித்தேனிலும் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு துண்டை மூலைவரை நேராக ஓட்டிவிட்டு, அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவு நெளிவுக்கு ஏற்ப மெல்லிய ரம்பத்தால் அறுத்து மேலே அணைப்பது. அனுபவமுள்ள ஆசாரிகள் இதைத்தான் விரும்புவார்கள். மூலை ஓரிரண்டு டிகிரி தப்பினாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. நேரம் பிடிக்கும் என்பதுதான் இதன் ஒரே குறை.

கோட்டைக் கோயிலில் கல்தச்சர்கள் செய்தது

மூலையில் இணைப்பே வராமல் செய்துவிட்டால்? இந்த யோசனை தருமபுரிக்குப் புதிதல்ல. ஊரின் கோட்டைப் பகுதியில் மல்லிகார்ஜுனேசுவரர், காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அதன் பழைய பகுதிகள் நுளம்பர்கள் இந்தப் பக்கத்தை ஆண்ட காலத்தவை; ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டுகள். இந்த மாதிரிக் கற்றளிகளின் அடித்தளத்தில் ஜகதி, குமுதம், பட்டிகை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அலங்கார வரிசைகள் ஓடும். மேலே கூரை விளிம்பில் வளைந்து இறங்குவது கபோதம். பெரிதாக இருந்தால் கொடுங்கை என்பார்கள். யோசித்தால் நம் கார்னிஸின் கல் உருவம்தான் இவை.

கற்றளிகளில் மூலைக் கல்லைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பக்க வடிவமும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். இணைப்பு மூலையில் வராது. ஓரடி, இரண்டடி தள்ளி நேர்ப்பகுதியில் வரும். கபோதத்தின் மூலையில் கொடிக்கருக்கு என்ற கொடி வேலைப்பாடும் சேர்ந்து, கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில் மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. மரவேலையின் இணைப்பைக் கல்லில் நடித்துக்காட்டியவர்களுக்கு, உண்மையான இணைப்பை எங்கே வைப்பது என்று தெரியாமலா இருந்திருக்கும்?

நம் வீட்டு அறையில் இதற்குச் சமமானது மூலைக் கட்டை. ஒரு சின்னத் தூண் முனை மாதிரியான கட்டையை மூலையில் பொருத்திவிட்டு, இரண்டு பக்கக் கார்னிஸையும் நேர்வெட்டாக வெட்டி அதில் முட்டவைப்பது. மூலை 80 ஆக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் கவலையில்லை. சின்ன அறையில் கொஞ்சம் கனமாகத் தெரியும் என்பது உண்மை. ஹாலில் எடுப்பாக இருக்கும்.

சாய்ந்த சீலிங்: மூன்று விதமான ஓரங்கள்

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை ஒதுக்கி, அதைப் பூஜை அறையாகவோ படிக்கிற இடமாகவோ மாற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதன் சீலிங் என்பது படிக்கட்டின் அடிப்பகுதி. சாய்வு எவ்வளவு என்று படியை வைத்தே கணக்கிடலாம். படியின் உயரம் 7 அங்குலம், மிதி 10 அங்குலம் என்றால் சாய்வு 35 டிகிரி. உயரம் 6, மிதி 12 என்றால் 26.6. ஓட்டு வீடுகளில் சரிவு 25, 30 டிகிரி என்ற அளவில் இருக்கும்.

இப்போது 35 டிகிரி அறையையே எடுத்துக்கொள்வோம். தாழ்வான பக்கச் சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே கோணம் 90 கூட்டல் 35, அதாவது 125. உயரமான பக்கச் சுவரில் 90 கழித்தல் 35, வெறும் 55. இரண்டு பக்கவாட்டுச் சுவர்களில் சீலிங் 90 டிகிரியில்தான் சேர்கிறது, ஆனால் கோடு சரிந்து ஏறுகிறது. கடையில் விற்கும் கார்னிஸ் 90 டிகிரி மடிப்பில் உட்காருவதற்காகச் செய்தது. தாழ்ந்த சுவரில் வைத்தால் மேல் விளிம்பு சீலிங்கைத் தொடாது. உயர்ந்த சுவரில் உள்ளேயே போகாது.

சரி, பின்பக்கத்தைச் சீவிப் பொருத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் என்ன ஆகும்? தாழ்ந்த சுவரில் மட்டமாக வரும் கார்னிஸும், பக்கச் சுவரில் சரிந்து ஏறும் கார்னிஸும் அங்கே சந்திக்க வேண்டும். சரிந்து ஏறும் பட்டையைச் செங்குத்தாக வெட்டினால் அதன் வெட்டுமுகம் உயரமாகிவிடும். வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீள்வட்டமாக வருமே, அதே கதை. 100 மி.மீ. உயரப் பட்டை 35 டிகிரி சாய்வில் 122 மி.மீ. ஆகிவிடுகிறது. மட்டமாக வரும் பட்டை 100-லேயே நிற்கிறது. இரண்டின் வளைவுகளும் எந்த வெட்டிலும் ஒன்றோடொன்று பொருந்தாது. எவ்வளவு கெட்டிக்காரரை அழைத்து வந்தாலும் நடக்காது. கைத்திறன் பிரச்சினை இல்லை இது. முகப்பில் முக்கோண நெற்றி வைத்துக் கட்டுகிற ஐரோப்பியக் கட்டடங்களிலும் இதே தலைவலி உண்டு. அங்கே சரிவுப் பட்டைக்கென்றே தனி வடிவம் வரைந்து செதுக்கிச் சமாளித்தார்கள்.

நம்மால் முடிகிற வழி, திரும்புவதையும் ஏறுவதையும் தனித்தனியாகச் செய்வது. தாழ்ந்த சுவர்க் கார்னிஸ் மூலையில் மட்டமாகவே திரும்பி, பக்கச் சுவரில் சில அங்குலம் மட்டமாக ஓட வேண்டும். அதன்பிறகு அதே சுவரில் மேலே ஏற வேண்டும். மூலையில் வழக்கமான வெட்டு. ஏறுகிற இடத்தில் சாய்வின் பாதி: 35 டிகிரிக்கு ஆளுக்கு 17.5. ஒரே சுவரில், ஒரே வடிவத்தைச் சம கோணத்தில் வெட்டுவதால் வளைவுகள் பொருந்திவிடும். நடுவிலிருக்கும் குட்டித் துண்டுக்கு மேலே முக்கோணமாக ஓர் இடைவெளி தெரியும். அதை ஜிப்சம் வைத்து அடைத்து மட்டமாக்கிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், படிக்கட்டு அறை மாதிரிச் சின்ன இடத்தில் இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. சீலிங்கைத் தொடாத தட்டைப் பட்டை ஒன்றைச் சுவரில் மட்டும் அடித்தால் போதும். சீலிங் எந்தக் கோணத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அல்லது தாழ்ந்த சுவரின் மட்டத்தில் அறையைச் சுற்றி ஒரே நேர்கோடாகப் பட்டை ஓட்டி, அதற்கு மேலே இருக்கும் சுவரையும் சாய்ந்த சீலிங்கையும் ஒரே நிறத்தில் அடித்துவிடலாம். ரசமட்டமோ தண்ணீர் டியூப்போ வைத்து மட்டம் பிடித்தால் வேலை முடிந்தது.

அட்டைக் கூரையில் ஓட்டை போடாதீர்கள்

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அட்டை போட்ட வீடுகளில் வெயில் தாங்காமல் உள்ளே பிவிசி சீலிங்கோ தெர்மாகோல் சீலிங்கோ அடிக்கிறார்கள், ஓரத்துக்குப் பீடிங். சட்டத்தைத் தொங்கவிட நேராக அட்டையிலேயே டிரில் போடுவது நடக்கிறது. பழைய அட்டை என்றால் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததுதான். டிரில் போடும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரிட்டன் 1999-லேயே தடை போட்டுவிட்டது. இந்தியாவில் கல்நார் அட்டை இன்னும் சட்டப்படி விற்பனையில் இருக்கிறது.

அதனால் சட்டத்தைச் சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டு, சுவரிலேயே தாங்கவிடுங்கள். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயிலோ மரச்சட்டத்திலோ கட்டிவிடலாம். அட்டையைச் சுரண்டுவது, மணல்தாள் போடுவது எதுவும் வேண்டாம். தெர்மாகோல் கார்னிஸ் மலிவு, இலகு. ஆனால் தீப்பிடித்தால் நின்று எரியும். விளக்குத்திரி ஏற்றும் பூஜை அறைக்கு அது ஆகாது.

எந்தப் பொருள், எந்த மூலைக்கு?

கோணல் மூலைகள் அதிகம் இருந்தால், அந்த இடத்திலேயே இழுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் கைகொடுக்கும். ஜிப்சத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சுட்டு, அதன் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிய பொடி அது. தண்ணீர் சேர்த்ததும் மறுபடி ஜிப்சமாக இறுகும். இறுகும்போது சுருங்காமல் துளி விரியும். வடிவம் வெட்டிய தகட்டை ஈரக் கலவையின்மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். தகடு மூலைவரை எட்டாது என்பதால் கடைசித் துண்டைக் கையால் செதுக்கிச் சேர்ப்பார்கள். மூலை எத்தனை டிகிரி என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. ஆனால் மொட்டைமாடியில் நீர்க்கசிவு இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். ஈரம் பட்டால் உப்பிக் கழன்றுவிடும்; கனமான துண்டு தலையில் விழும்.

பிவிசிக்கு ஈரம் பிரச்சினையில்லை, வெயில்தான் பிரச்சினை. 8 அடிப் பட்டை ஒன்று, வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் சித்திரை மத்தியானத்துக்கும் மார்கழி விடியலுக்கும் இந்த வித்தியாசம் சாதாரணம். ஜிப்சம் அதே அளவு சூட்டில் 1 மி.மீ. கூட நீளாது. புதுவீட்டில் மூலை இணைப்பு விரிவதற்கு, கோணத்துக்கு அடுத்தபடியாக இதுதான் காரணம். இடைவெளியை ஒயிட் சிமென்ட் போன்ற கெட்டிப் பொருளால் அடைத்தால் அது நீட்சிக்கு இடம் கொடுக்காமல் பிளந்துவிடும். அக்ரிலிக் சீலன்ட் கொஞ்சம் இழுபடும், மேலே பெயின்ட்டும் பிடிக்கும். சிலிகான் இன்னும் நன்றாக இழுபடும்; அதன்மேல் பெயின்ட் நிற்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. 10-க்கு 12 அறையின் சுற்றளவு 44 அடி. 8 அடிப் பட்டை என்றால் குறைந்தது 6. நேரான அறைக்கே கழிவாகப் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது வழக்கம். கோணல் மூலையோ சாய்ந்த சீலிங்கோ இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். அதாவது 7 பட்டை.

கூலி பேசும்போது பெரும்பாலும் ஓடும் அடிக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். நேர்ச்சுவரில் 10 அடி ஓட்ட ஆகிற நேரத்தைவிட ஒரு கோணல் மூலையைச் சேர்க்க அதிக நேரம் ஆகும். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த நேரம் நஷ்டம், அதனால்தான் ஒயிட் சிமென்ட் டப்பா சீக்கிரம் திறக்கிறது. தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்வருகிறவர்கள் ஏராளம். இந்த வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே குறைவில்லை. மூலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசி, 3-4-5 அளவை இருவரும் சேர்ந்து பார்த்து, எந்த மூலை எத்தனை டிகிரி என்று சுவரில் எழுதிய பிறகு வேலையை ஆரம்பிக்கச் சொல்லலாம். சுவர் கோணல் என்று அப்போதே தெரிந்துவிட்டால், பூச்சை அந்த மூலையில் மட்டும் கொத்தி எடுத்துச் சரிசெய்ய அரை நாள் வேலைதான். பெயின்ட் அடித்த பிறகு அதே வேலைக்குப் பட்டி, பிரைமர், பெயின்ட் என்று எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.